மூக்கு சாரின் மதியச் சாப்பாடு

துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் ஆலையை ஒட்டி இருந்த மீன் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் மூக்கு சார் என்றுதான் சொன்னார்கள். காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூரப் பூரித்துப்போவார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே இயந்திரம் எதுவும் கிடையாது. பெட்டியைத் திறந்து, செவுளை விரலால் விரித்து, முகர்ந்து பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லாரி வாசலில் திரும்பும்போதே, "அடியில வெச்சிருக்கிற பெட்டிய முதல்ல இறக்குப்பா" என்பார். பழைய சரக்கு அந்தப் பெட்டியில்தான் இருக்கும். மாட்டிக்கொண்டவனின் முகம் சுண்டிப்போவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

அந்த மூக்கு வேலை முடிந்ததும் அவரோடு வீட்டுக்கும் வரும். மனைவி தட்டை வைத்ததும் அவர் கைவைக்க மாட்டார். குனிந்து முகர்வார். அவள் சுவரோரம் நின்று காத்திருப்பாள். "நாறுது" என்று ஒரே சொல்லோடு தட்டை நகர்த்தினால் அன்றைய சமையல் அத்தனையும் குப்பைக்குத்தான். ஒருமுறை அவள் வாங்கி வந்த மீனைக் கழுவக்கூட விடாமல், கொளுத்தும் வெயிலில் சந்தைக்குத் திருப்பி அனுப்பினார்.

"வித்தவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வா. எறியாம எங்கயாவது போட்டுட்டு வந்தா எனக்கு வாசனையிலயே தெரிஞ்சிடும்" என்றார்.

அவளுக்கு எறிய மனம் வரவில்லை. தெருமுனைச் சாக்கடையில் போட்டுவிட்டு, யார் வீட்டுக் குழாயிலோ கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, "சாக்கடை" என்று சொல்லிச் சிரித்தார். மகள் அப்போது சின்னவள். அப்பா அம்மாவின் கைக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினாள்.

கூடத்துக்குப் புதிய இயந்திரம் வந்தபோது, மூக்கு சாரின் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று பலர் ஆசைப்பட்டார்கள். அதன் முழுப்பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி. "பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மீனு கெட்டுப்போயிடும்" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். ஆகவே எல்லோருக்கும் அது காந்தம். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் எஃகுக் கலம். அதன் வயிற்றுக்குள் கடுங்குளிரான திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் காந்தச் சுருள். சுற்றிலும் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டுமுன் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மீன் சதையில் ஒரு துண்டை வெட்டி, உறையவைத்து, பொடியாக அரைத்து, அமிலத்தில் கலக்கிச் சாறெடுத்து, உறிஞ்சுகுழல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் ஊற்றி அந்தக் கலத்துக்குள் இறக்கினால், சதையில் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் கணினித் திரையில் முகடு முகடாக எழும்பும். புது மீனின் முகடுகள் ஒரு மாதிரி நிற்கும். கெடத் தொடங்கிய மீனின் முகடுகள் வேறு மாதிரி. மனித மூக்குக்கு நாற்றம் எட்டுமுன்பே திரைக்கு அது எட்டிவிடும்.

மூக்கு சார் அசரவில்லை. பயிற்சிக்குப் போய்வந்து அதையும் தன் கைக்குள் போட்டுக்கொண்டார். முதலில் முகர்ந்து தீர்ப்பைச் சொல்வார். பிறகு காந்தத்தில் வைத்து நிரூபிப்பார். இரண்டும் ஒத்துப்போகும். அதன்பின் அவரிடம் வாயைக் கொடுக்கவே ஆட்கள் பயந்தார்கள்.

அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. சின்னதாக ஒரு குளிர்கிடங்கு வைத்து, மீனை டின்னில் அடைக்கும் ஆலைக்குக் கானாங்கெளுத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனுடைய லாரி வழியில் பழுதாகி நின்று, மேலே போட்ட ஐஸ் உருகிவிட்டது. கானாங்கெளுத்தி வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் ஊறும். அதைத் தின்றவனுக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. தம்பியின் சரக்கைக் காந்தத்தில் வைத்தபோது, திரையின் இடது ஓரத்தில் அதற்குரிய இரண்டு மெல்லிய முகடுகள் எல்லைக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றன. அப்படி நின்றால் வேறு பெட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துப் பார்க்கலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது.

"மாமா, மேல்வரிசை மட்டுந்தான் உருகிச்சு. நடுவுல இருக்கிறதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இன்னொரு பெட்டியப் பாருங்க மாமா" என்றான் தம்பி.

"வீட்டுக்கு வந்து மாமான்னு கூப்பிடு. இங்க நான் உனக்கு மாமா இல்ல."

"அக்கா முகத்துக்காகவாவது…"

"உங்கக்காவுக்கே நல்ல மீன் எது, நாறுன மீன் எதுன்னு தெரியாது. குடும்பத்துக்கே மூக்கு இல்ல போல" என்றார் மூக்கு சார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவைத்தார்கள்.

கழித்த சரக்கைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுவார்கள். அது கூலிக்காரர்கள் செய்யும் வேலை. அன்று மூக்கு சார் கூலிக்காரர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார். தம்பியே ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிவந்து கொட்ட வேண்டும் என்றார். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு தூக்கினான். நடுவில் ஒருமுறை குழி விளிம்பில் சறுக்கி முழங்கால் வரை உள்ளே போய்விட்டான். யாரும் கை கொடுக்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் அதை மனைவிக்கு நடித்தே காட்டினார். அவன் எப்படிச் சறுக்கினான், எப்படி மூக்கைச் சிந்தினான், 'மாமா மாமா' என்று எப்படிக் கெஞ்சினான் என்று ஒன்றுவிடாமல் காட்டினார். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆலைக்காரர்கள் தம்பியிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். கிடங்கு கைமாறியது. அவன் சந்தைக்குப் பின்தெருவில் தள்ளுவண்டியில் மீன் வெட்டி விற்கும் நிலைக்கு வந்தான்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மூக்கு சாருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தார், ஆனால் மூக்கு எழவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், செவுள் எதை முகர்ந்தாலும் வெறும் காற்றுதான் உள்ளே போயிற்று. மருத்துவர், "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்று கையை விரித்துவிட்டார். மூக்கு சார் இதை ஒரு உயிருக்கும் சொல்லவில்லை. கூடத்தில் வழக்கம்போலச் செவுளை விரித்து முகர்ந்தார். ஆனால் தீர்ப்பை மட்டும் காந்தம் சொன்ன பிறகு சொன்னார். வீட்டிலும் தட்டை முகர்ந்தார். அடிக்கடி "நாறுது" என்று சொல்லி நகர்த்தினால் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டு, இடையிடையே அப்படியும் செய்தார்.

மனைவி ஒருநாள் அடுப்பில் பாலை மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஓடிவந்தபோது பால் தீய்ந்து வீடெல்லாம் கருகல் நெடி. அவர் அடுப்புக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு, முதுகைக் காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள். அடுப்பை அணைக்க அவசரப்படவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டி, விளையாட்டுச் செய்தியைப் படித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு சமையலறையில் இரண்டு சட்டிகள் ஏறின.

அவருடைய மதிய டப்பாவில் நாள் தவறாமல் மீன் இருந்தது. மிளகாயும் புளியும் தூக்கலாகப் போட்டு, மொறுமொறுவென்று வறுத்து வைத்திருப்பாள். நாக்குக்கு உறைப்பு தெரியும், புளிப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலையல்லவா. இப்போதாவது இவளுக்குச் சமைக்கத் தெரிந்ததே என்று அவர் நினைத்துக்கொண்டார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் ஜிவுஜிவு என்று சிவக்கும். தலை இடிக்கும். இதயம் குதிரை மாதிரி ஓடும். மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார். அது நிற்காமல் போகவே மாத்திரையைக் கூட்டினார். ஹிஸ்டமினைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்குத் தன் முகம் ஏன் சிவக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கூடத்தின் சாப்பாட்டு அறையில் அவர் உட்கார்ந்தால் அந்த மேசையிலிருந்து மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா அவர் டப்பாவைக் கழுவ மாட்டேன் என்று ஒருநாள் அலுவலகத்தில் சண்டையே போட்டாள். ஆனால் ஒருவர்கூட அவரிடம் போய், "சார், உங்க சாப்பாடு கெட்டிருக்கு" என்று சொல்லவில்லை. அவரிடம் மூக்கறுபடாதவர்கள் அங்கே யாருமில்லை. அவரவர் பங்குக்குச் சும்மா இருந்தார்கள்.

உணவுத் துறையின் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் சிலர் காந்தத்தைப் பார்க்க வந்தார்கள். அன்று படகுகள் தாமதம். செய்துகாட்ட மீன் இல்லை. கூடத்தின் தலைவி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மூக்கு சார் முன்னால் வந்தார்.

"என் டப்பாவில கானாங்கெளுத்தி வறுவல் இருக்கு மேடம். நல்ல மீனா இருந்தா வறுத்த பிறகும் காந்தம் அதச் சொல்லும். எங்க வீட்டுல எப்படிப்பட்ட மீன் வாங்குறோம்னு இவங்களும் பாக்கட்டும்."

தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உதட்டோரம் மெல்ல விரிந்தது. "சரி சார். வையுங்க" என்றார்.

டப்பாவைத் திறந்ததும் ஓர் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். மூக்கு சார் அதைக் கவனித்தார். ஆய்வகத்து அமில நெடி பழகாத ஆள் என்று எண்ணி ஒரு புன்னகை செய்தார். துண்டை எடுத்து, அரைத்து, சாறிறக்கி, குழாயை இறக்கினார். அதிகாரிகள் தேநீர் குடித்து முடித்து வந்து திரைக்கு முன் நின்றபோது முகடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன.

மீன் அழுகும்போது பிறக்கும் பொருளின் முகடு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. இடது ஓரத்தில் ஹிஸ்டமினின் இரண்டு முகடுகள். அவை மெல்லியவையாக இல்லை. மச்சினன் சரக்கில் எல்லைக் கோட்டைத் தொடத் தயங்கியவை இங்கே கோட்டைக் காலுக்கடியில் விட்டுவிட்டு ஏறி நின்றன.

"குழாய் அழுக்கா இருக்கும்" என்று மூக்கு சார் முணுமுணுத்தார். புதுக் குழாயில் ஊற்றி மறுபடி இறக்கினார். மறுபடியும் அதேதான்.

வந்தவர்களில் இளையவளான ஓர் அதிகாரி சுவரில் மாட்டியிருந்த விளக்கப் படத்தைக் காட்டினாள். "சார், இது 'சாப்பிடக் கூடாது'ன்னு போட்டிருக்கிற படம் மாதிரியே இருக்கே?"

"டப்பாவைத் திறந்ததுமே எங்களுக்குத் தெரிஞ்சுதே சார். உங்களுக்குத் தெரியலையா?" என்றார் தலைவி.

அவர் திரையையே வெறித்தார். தலைவி பின்னால் திரும்பி உதவியாளரிடம் கண்ணைக் காட்டினார். உதவியாளர் கழிவறைப் பக்கத்திலிருந்து, வாரக்கணக்கில் குடலும் செவுளும் ஊறிக் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிவந்து மூக்கு சாரின் நாற்காலிக்குப் பின்னால் வைத்து மூடியைத் திறந்தார். அதிகாரிகள் கதவோரம் ஓடினார்கள். ஒருவருக்குக் குமட்டியே விட்டது. மூக்கு சார் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, முகடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தபோதுதான் திரும்பினார். வாளியைப் பார்த்தார். எல்லோருடைய மூக்கின் மேலும் கைகள் இருப்பதைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அவருடைய வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் முன்னால் வீசினார்.

"என்னடி போட்ட எனக்கு?"

"மீனு."

"அழுகின மீனு! எத்தனை நாளா?"

"நாள் கணக்கெல்லாம் யாரு பாத்தா." அவள் கோட்டின் கையை உள்பக்கம் மடித்தாள். "தம்பி வண்டியில விக்காம மிஞ்சுறத எடுத்துட்டு வருவேன். அதையும் ரெண்டு நாள் வெளியில வெச்சு, அப்புறம் வறுப்பேன். எனக்கு வேற சட்டி."

"நான் செத்திருந்தா?"

"சாகணும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல." அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாறணும்னுதான் நினைச்சேன். நீங்க நாறுறது ஊருக்கெல்லாம் தெரியணும், உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் கையை ஓங்கினார். அவள் விலகவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் மடித்த கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

அவர் மகளுக்குத் தொலைபேசியில் பேசினார். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். முழுவதையும் சொல்லி முடித்தார்.

"கேக்குறியாம்மா? உங்கம்மா எனக்கு விஷம் வெச்சிருக்கா."

"தெரியும்ப்பா" என்றாள் மகள். "அம்மா முன்னாடியே சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

மறுநாள் அவர் பின்தெருவுக்குப் போய் மச்சினனின் வண்டி முன்னால் நின்று கத்தினார். அக்காவும் தம்பியும் கூட்டுச் சதி செய்ததாகச் சொன்னார். மச்சினன் கையில் கத்தியோடு விழித்தான். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

"மிச்சத்தப் பூனைக்குப் போடுறதாச் சொல்லித்தான் மாமா அக்கா வாங்கிட்டுப் போச்சு. நெறைய பூனை வளக்குதுன்னு நினைச்சேன்."

பக்கத்து வண்டிக்காரி இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரிடம் சரக்கைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். செய்தி வண்டிக்கு வண்டி தாவியது. அவர் தெருமுனையை எட்டுமுன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் "மியாவ்" என்றது. அன்றோடு மூக்கு சார் போய், பூனை சார் வந்தார்.

கூடத்திலும் அவரை உள்ளே விடவில்லை. "அமிலமும் கரைப்பானும் புழங்குற இடம் சார். ஏதாவது கசிஞ்சா முதல்ல தெரிய வேண்டியது மூக்குக்குத்தான்" என்றார் தலைவி. மஞ்சள் கோட்டுக்குள் வேறொருவர் நின்றார். பூனை சாரை வாசலில் பெட்டி கழுவும் இடத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். வீட்டில் ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்று நாளை ஓட்டினார். ரொட்டியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்தியது.

முட்டை அவித்துவிட்டு ஒருநாள் அடுப்பைச் சரியாகத் திருகாமல் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேஸ் நெடி அடித்துக் கதவை உடைத்தார்கள். மயங்கிக் கிடந்தவரை இழுத்துத் தெருவில் போட்டார்கள். மகள் வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, ஒன்று முதியோர் விடுதி, இல்லையென்றால் அம்மா என்றாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு "அம்மா" என்றார்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தாள். தம்பியும் கூட வருவான், முன்னறை அவனுக்கு. அவனுடைய ஐஸ் பெட்டி, வெட்டுக்கட்டை, தராசு எல்லாம் முன்னறைக்கு வந்தன. வண்டி வாசலில் நின்றது.

மூன்று பேருக்கும் இப்போது ஒரே சட்டிதான். அவள் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் அவரால் நம்ப முடியவில்லை. தட்டு முன்னால் இருக்கும். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற இருவரும் வாயில் வைப்பதற்காகக் காத்திருப்பார். இது அவளுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் குடிப்பாள். உப்பை எடுத்துவர எழுந்து போவாள். உட்கார்ந்து தம்பியோடு சந்தைக் கதை பேசுவாள். அவர் சோறு ஆறி இறுகும்.

"சாப்பாடு நல்லாருக்கா?" என்று அவர் மெல்லக் கேட்பார்.

"நீங்களே மோந்து பாருங்களேன்" என்பாள்.

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. தட்டு வந்த கையோடு அவசரமாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "நான் சாப்பிட்டுட்டேன் மாமா, நீங்க சாப்பிடுங்க" என்றான். அவர் குனிந்து மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தார். சோறு சூடாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து தம்பிக்குக் கடைசியாகப் பரிமாறினாள்.